வாடகை மரங்கள் குடித்த மழை

1. மரம் இறக்கிய நாள்

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராகச் சேர்ந்த முதல் நாள், எனக்குக் கொடுத்த முதல் வேலை வண்டியிலிருந்து மரம் இறக்குவது. அறுத்த மரம் அல்ல. வேர், கிளை, இலை எல்லாம் உள்ள பச்சை மரம். ஒன்றில் காலியான குருவிக்கூடு கூட இருந்தது. பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் நின்றபடி அவை சின்ன யானை வண்டிகளில் வரிசையாக வந்தன.

"கொஞ்சம் வெரசாங்க. பையர் மேடம் மத்தியானத்துக்குள்ள வந்துருவாங்க" என்றார் முதலாளி நாச்சிமுத்து.

பையர் என்றால் நாங்கள் தைக்கும் பனியனை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள். திருப்பூரில் அந்தச் சொல்லைக் கோயிலுக்குள் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். இது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. அதோடு சேர்த்து ஆடிட்டும் குவிந்துகொண்டிருந்தது.

நான் வெள்ளகோவில் பக்கத்துக்காரன். சிவில் டிப்ளமா. அதற்கு முன் ரோடு, கல்வெர்ட், சாக்கடை என்று பல காண்ட்ராக்டர்களிடம் இருந்தவன். மழைத் தண்ணீரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சண்டை இல்லாமல் அனுப்பி வைப்பதுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே தொழில். மரம் இறக்கும் வித்தையை டிப்ளமாவில் சொல்லித் தரவில்லை. நர்சரி மணி சொல்லித் தந்தார். பூண்டி ரோட்டில் நர்சரி வைத்திருந்தவர் அவர். செடி விற்பதைவிட மரத்தை வாடகைக்கு விடுவதில்தான் அவருக்கு வண்டி ஓடியது.

"தொட்டி விளிம்பு தெரியாம செம்மண்ணை அணைச்சுப் போடோணுங்க. மேல கொஞ்சம் தேங்கா நாருத் தூளு தூவீட்டா, மரம் இங்கயே பொறந்து வளந்த மாதிரி இருக்குமுங்க" என்றார்.

"எப்பங்க திருப்பி எடுப்பீங்க?"

"மேடம் ஏர்போர்ட் போய்ச் சேந்ததும் போன் வருமுங்க. நாளைக்கு இதே மரம் வேற கம்பெனிக்குப் போகோணும். மரத்தோட மூஞ்சிய யாரு ஞாபகம் வச்சுக்கறாங்க?"

அவர் சொன்னது சரிதான். நான் வேலை பார்த்த வருடங்களில் ஒரு பையர் கூட ஒரு மரத்தையும் அடையாளம் கண்டுபிடித்ததில்லை.

2. பூனைக்குப் பால்

மரத்தைவிட என்னைக் குழப்பியது ஒரு பூனை. ஃபினிஷிங் செக்‌ஷனில் முதலுதவிப் பெட்டிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் படுத்திருக்கும். காலையும் மாலையும் கேன்டீனிலிருந்து அதற்குத் தட்டில் பால் வரும். அது எழுந்து வெளியே போனால் வாட்ச்மேன் பின்னாலேயே போய்த் தூக்கிக்கொண்டு வந்து அதே இடத்தில் விடுவார்.

முதலாளியிடம் கேட்டேன். கொஞ்சமும் சிரிக்காமல் பதில் சொன்னார்.

"போன வருசம் மேடம் அந்தப் பொட்டியப் போட்டோ எடுத்தாங்க. அதுல பூனையும் விழுந்துருச்சுங்க. அடுத்த வாட்டி வந்து பூனை எங்கன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

அவருடைய பயத்துக்கும் காரணம் இருந்தது. முன்பு ஒரு பையர் தன் பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, தீயணைப்பு மணல் வாளி அதே இடத்தில் இல்லை என்று ரிமார்க் எழுதிவிட்டுப் போனாராம். அந்த சீசன் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து கம்பெனியில் ஒரு சட்டம் உண்டானது. போட்டோவில் விழுந்த எதையும் யாரும் அசைக்கக்கூடாது. ஒரு மூன்று கால் ஸ்டூல் பேக்கிங் செக்‌ஷன் சுவரில் சாய்ந்து நிற்கும். அதில் உட்காரவும் முடியாது, எடுத்து எறியவும் முடியாது. வாரம் ஒருமுறை அதைத் துடைத்து வைப்பார்கள்.

இந்தச் சட்டத்தைப் பற்றி அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பின்னால் அதுதான் எனக்குக் கை கொடுத்தது.

3. ரெண்டு வளையமும் ஒரு காக்கையும்

எங்கள் காம்பவுண்டு கிழக்கே மேடு, மேற்கே பள்ளம். கூரை முழுக்க ஷீட். கன்டெய்னர் லாரி திரும்புவதற்காக வாசல் முழுக்க கான்கிரீட். பெய்கிற மழை ஒரு சொட்டு விடாமல் மேற்கே ஓடும். அதை வாங்கிக்கொள்ள மேற்குச் சுவரை ஒட்டி அகலமாக ஒரு திறந்த வாய்க்கால் இருந்தது. முன்பு அது தோட்டமாக இருந்த காலத்தில் யாரோ புத்தியுள்ள விவசாயி வெட்டியது. அது நேராக வெளியே இருந்த ஓடையில் போய்ச் சேரும். ஓடைத் தண்ணீர் எப்போதும் ஏதாவது ஒரு சாய நிறத்தில் இருக்கும். அதைப் பார்த்தே அடுத்த சீசனுக்கு வெளிநாட்டில் என்ன கலர் விற்கும் என்று பையரிடம் ஆர்டர் பேசுகிற எங்கள் மெர்ச்சண்டைசர்கள் சொல்லிவிடுவார்கள்.

பின் கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டைவிடத் தாழ்வான இடத்தில் முதலாளிக்குச் சொந்தமான லைன் வீடுகள். பெரும்பாலும் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். கடைசி வீடு ஞானசெல்வியுடையது. அவள் எங்கள் கம்பெனியில் செக்கிங். அவள் புருஷனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு கம்பெனி வேலை முடியவில்லை. ஒரு பழைய ஓவர்லாக் மெஷினை வாங்கி வீட்டுக்குள் போட்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்து ஜாப் ஒர்க் தைப்பார். மெஷினின் மோட்டார் மேசைக்கு அடியில் தொங்கும். அந்த மோட்டார்தான் அவர்கள் குடும்பம்.

அந்த வருடம் பையர் ஒரு புது நிபந்தனை போட்டார். கம்பெனி பசுமையாக இருக்க வேண்டும், சைட்டில் விழுகிற மழையைச் சைட்டுக்குள்ளேயே சமாளிக்க வேண்டும். கெட்ட நிபந்தனை என்று சொல்ல மாட்டேன். நல்லதைக் கேட்டார்கள். நாங்கள் எங்கள் வழக்கப்படி கொடுத்தோம்.

ராகவன் என்று ஒரு கன்சல்டன்ட் லேப்டாப்போடு வந்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர். அவர் வந்த நாள் ஒரு பையர் விசிட்டுக்கு முந்தின நாள். அதனால் மரங்கள் எல்லாம் இறங்கி, செம்மண் அணைத்து, நாருத் தூள் தூவித் தயாராக நின்றன. அவர் ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்து லேப்டாப்பில் ஏற்றினார்.

"இன்டஸ்ட்ரியல் சைட்ல இவ்வளவு மெச்சூர் ட்ரீஸ் நான் பார்த்ததே இல்ல சார்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளி, "இன்ஜினியர், சாருக்கு ஒரு எளநி சொல்லுங்க" என்றார். நான் இளநீர் சொல்லப் போனேன்.

பிறகு மண்ணில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்கும் டெஸ்ட். இதை இன்ஃபில்ட்ரேஷன் டெஸ்ட் என்போம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களை மண்ணில் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, அது குறைகிற வேகத்தைக் குறித்துக்கொள்வது. ராகவன் முதலில் லாரி யார்டு ஓரத்தில் அடித்தார். வளையம் வளைந்ததே தவிர இறங்கவில்லை. சுவர் ஓரத்தில் அடித்தார். அங்கேயும் அப்படியே. கடைசியில் முன்வாசல் பூப்பாத்தியில் அடித்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? முந்தின நாள் நாங்கள் கொட்டிய மண். ஊற்றிய தண்ணீர் அவர் இளநீரைக் குடித்து முடிப்பதற்குள் காணாமல் போயிற்று.

"எக்ஸலன்ட் சாயில்" என்று அதையும் ஏற்றிக்கொண்டார்.

எங்கள் பக்கத்து மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சுக்கான். சுண்ணாம்பு இறுகிக் கல்லான அடுக்கு. கடப்பாரையால் அடித்தால் நமக்குத்தான் தோள் வலிக்கும். அதன்மேல் தண்ணீர் நிற்கும், இறங்காது. அன்று அவர் போனபிறகு நான் ஒரு பழைய இரும்பு டிரம்மை வெட்டி வளையமாக்கி, லாரி யார்டு ஓரத்தில் சுக்கான் தெரிகிற இடத்தில் வைத்து, அடியைக் களிமண்ணால் பூசித் தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் வரை தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு காக்கை வந்து நிதானமாகக் குளித்துவிட்டுப் போயிற்று.

அடுத்து மழைக் கணக்கு. அதற்கும் ராகவனிடம் விடை தயாராக இருந்தது.

"இங்க ஆனுவல் ரெயின்ஃபாலே ரொம்ப கம்மி சார். அதை வருஷத்துக்கு ஸ்ப்ரெட் பண்ணிப் பாருங்க. ஒரு நாளைக்கு ஒரு கைக்குட்டை நனையற அளவுதான் வருது."

"மழை மாசச் சம்பளம் மாதிரி வாரதில்லீங்க. தீபாவளி போனஸ் மாதிரி வரும். வருசம் பூரா காத்துக் கெடக்கோணும். வாரப்ப ஒரே நாள்ல மொத்தமா வந்து நிக்கும். வாய்க்கால அந்த ஒரு நாளுக்குத்தான் வெட்டி வெக்கறதுங்க" என்றேன்.

"நல்லாப் பேசறீங்க சார்" என்று சிரித்தார். ஆனால் அதை லேப்டாப்பில் ஏற்றவில்லை.

கடைசியில் இருக்கிறது எவாப்போ டிரான்ஸ்பிரேஷன். ஈ.டி. என்று செல்லமாகச் சொல்வோம். மண்ணிலிருந்து ஆவியாகிப் போகிற தண்ணீரும், மரம் உறிஞ்சி இலை வழியாகக் காற்றில் விடுகிற தண்ணீரும் சேர்ந்த கணக்கு. உண்மையான மரத்துக்கு உண்மையான கணக்கு அது. ராகவன் அதை வாடகை மரங்களுக்குப் போட்டார். மழையில் ஒரு பெரும் பங்கை மரங்களே குடித்துவிடும், மீதியை அந்த அருமையான மண் குடித்துவிடும், ஆகவே வாய்க்கால் தேவையில்லை, அதை மூடிப் புல்தரை போடலாம் என்று ரிப்போர்ட் வந்தது. அந்தப் புல்லுக்கு ஊற்ற, தினமும் லாரித் தண்ணீர் வாங்க வேண்டும் என்பது ரிப்போர்ட்டில் இல்லை.

நான் முதலாளியிடம் போனேன். அவர் படித்தவர் அல்ல, ஆனால் சாயப்பட்டறையிலிருந்து மேலே வந்தவர். அவருக்குப் புரிகிற பாஷையில் கேட்டேன்.

"ஏனுங்க, ஐப்பசியில சாயம் போட்ட துணியக் காயப் போட்டா எப்பங்க காயும்?"

"எங்கீங்க காயுது? அப்பிடியே பூஞ்சை புடிச்சுக்கும்."

"காத்துல ஈரம் இருந்தா துணி காயாது. அதே காத்துல எலை மட்டும் எப்பிடிங்க தண்ணிய விடும்? மழை பெய்யற அன்னைக்கு மரம் ஒண்ணும் குடிக்காதுங்க. அதுலயும் நம்ம மரம் தொட்டிக்குள்ள நின்னது. மேடம் போனதும் மணி வந்து எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

முதலாளி வெளியே மரங்கள் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது நாயந்தானுங்க."

"அப்ப வாய்க்கால மூட வேண்டாமுங்களா?"

"பாக்கலாமுங்க" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதையானவர்கள். முடியாது என்ற சொல்லை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் பாக்கலாமுங்க என்பார்கள். அடுத்த வாரம் டிப்பர் டிப்பராகச் செம்மண் வந்து வாய்க்காலின் தலைப்பக்கப் பாதியில் விழுந்தது.

4. கோடை மழை

பாதி வாய்க்கால் மூடியிருந்தபோது ஒரு கோடை மழை வந்தது. பெரிய மழை என்று சொல்ல முடியாது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஆரம்பித்து, எல்லோரும் டீ குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. ஆனால் கூரைத் தண்ணீர் முழுவதும் யார்டுக்கு வந்தது. யார்டிலிருந்து வாய்க்காலைத் தேடிப் போய், அங்கே மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி, பின் கேட் வழியாக வெளியே போயிற்று.

மறுநாள் காலை ஞானசெல்வி என் ரூமுக்கு வந்தாள். சேலை முந்தானையில் சேறு காய்ந்திருந்தது.

"சார், தண்ணி வீட்டுக்குள்ள வந்துட்டு. நாங்க ரெண்டு பேரும் மெசினத் தூக்கிக் கட்டில்ல வச்சிட்டோம். ஒண்ணும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன மனுசன் தூக்குதாரு. இப்ப எந்திரிக்க முடியாமக் கெடக்காரு."

"மோட்டார்?"

"மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. ஆனா இது கோட மழ சார். ஐப்பசிக்குக் கட்டிலும் முங்கிப் போவும். அப்ப மெசின எதுக்கு மேல வைக்க?"

போய்ப் பார்த்தேன். எல்லா வீட்டுச் சுவரிலும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே செம்மண் கோடு. அவள் புருஷன் தரையில் பாய் விரிக்க முடியாமல் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் குப்புறப் படுத்திருந்தார். கட்டில் முழுக்க மெஷின். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று ராகவன் கண்ணில் பட்டிருந்தால் அந்த இரண்டு வளையத்தையும் அவர் கழுத்தில் மாட்டியிருப்பேன்.

முதலாளியும் வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று விசாரித்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அன்று மதியம் எல்லா வீட்டுக்கும் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பனியன்கள் கட்டுக் கட்டாகப் போயின.

"வீடு தொடைக்க நல்லா ஆகுமுங்க. ப்யூர் காட்டன்" என்றார்.

"வாய்க்கால்ல கொட்டின மண்ண எடுத்துட்டா தொடைக்கவே வேண்டியதில்லீங்களே."

அவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "இன்ஜினியர், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்தப் புல்லு இல்லைன்னா ஆர்டர் இல்ல. ஆர்டர் இல்லைன்னா லைன் ஊட்டுல தண்ணி பூந்தாலும் கேக்கறதுக்கு ஆளிருக்காது. அத்தனை பேரும் மூட்டையக் கட்டீட்டு ஊருக்குப் போயிருவாங்க. எனக்கு மட்டும் ஆசைங்களா?"

அவர் பயந்தது பொய்யில்லை. கணக்கைக் காட்டி இந்த மனிதரை ஜெயிக்க முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன். கணக்கு அவருக்கு ஏற்கெனவே புரிந்திருந்தது. திரும்பி வரும்போது ஃபினிஷிங் செக்‌ஷனில் பூனை பால் குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

5. மண் போதவில்லை

பையர் மேடத்தின் அடுத்த விசிட் ஆடியில் வந்தது. நானே முதலாளியிடம் போய், இந்த முறை மரத்தை இரண்டு மடங்காகச் சொல்லலாம் என்றேன். அவருக்கு ஆச்சரியம்.

"நீங்களாங்க சொல்றீங்க?"

"கிரீனா இருக்கோணுமுன்னு பையர் கேக்கறாங்க. நாம கொறை வெக்கலாமுங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. மணி வண்டி வண்டியாக மரம் இறக்கினார். தொட்டிகள் கூடியதால் விளிம்பை மறைக்கச் செம்மண் போதவில்லை. நான் அதற்குத்தான் காத்திருந்தேன்.

"லாரி சொல்லட்டுங்களா?" என்றார் முதலாளி.

"இனி எங்கீங்க போய்ச் சொல்றது, நேரமில்ல. புல்லு பதிக்க இன்னும் நாளிருக்குது, வாய்க்கால்ல கொட்டின மண்ணு சும்மாதான கெடக்குது. எடுத்துப் போட்டுக்கலாம். மேடம் போனதும் திருப்பிக் கொட்டிக்குவோம்."

பீகாரிலிருந்து வந்திருந்த லோடிங் ஆட்களை விட்டு மண்ணை அள்ளினேன். ஒவ்வொரு தொட்டிக்கும் தாராளமாக அணைக்கச் சொன்னேன். மரங்கள் இடுப்பளவு மண்ணில் நின்றன. வாய்க்கால் தரை தெரிந்ததும் அதன் கரையிலும் வரிசையாக மரம் வைக்கச் சொன்னேன். மணி என்னை ஒருமாதிரி பார்த்தார்.

"சாக்கடையோரத்துல எதுக்குங்க மரம்?"

"மரம் இருந்தா அது சாக்கடை இல்லீங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. தொழில் தெரிந்தவர். தன் கணக்கில் கொஞ்சம் வெட்டிவேர் கொண்டுவந்து கரை நெடுக நட்டார். அந்தக் காம்பவுண்டில் வாடகை இல்லாத செடி அது ஒன்றுதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஞானசெல்வியும் லைன் வீட்டுப் பெண்களும் வந்து அடியில் மிச்சமிருந்த சேற்றை வாரிப் போட்டு, பக்கவாட்டில் கல் பதித்தார்கள். பிரிண்டிங் செக்‌ஷனில் ஒரு பலகைக்கு இங்கிலீஷில் 'ரெயின் கார்டன்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து வாங்கி வாய்க்கால் தலையில் நட்டேன்.

மேடம் வந்தார். மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மரம் போகிற பக்கமெல்லாம் போனார். மரம் வாய்க்கால் பக்கம் போயிருந்தது, அவரும் வந்தார். பலகையைப் படித்துவிட்டு இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கூரைத் தண்ணீர் இதில் வரும், வெட்டிவேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மிச்சம் ஓடைக்குப் போகும், கீழே இருக்கிற வீடுகளுக்குள் போகாது. நான் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அந்தக் கம்பெனி விசிட்டுகளின் வரலாற்றில் அது புதுசு.

மேடம் கேமராவை எடுத்தார். பலகை, வெட்டிவேர், வாய்க்கால், ஓடைப் பக்கம் வெளிச்சம் தெரிகிற கடைசி முனை வரை எல்லாவற்றையும் எடுத்தார். முதலாளி பக்கத்தில் சிரித்த முகமாக நின்றார். அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மண்ணைத் திருப்பிக் கொட்ட டிப்பர் வந்து நின்றது. முதலாளி வாய்க்கால் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க இன்ஜினியர், இது நம்ம சாக்கடைதானுங்களே?"

"போட்டோ எடுக்கற வரைக்கும் சாக்கடைதானுங்க."

"இப்ப மண்ணக் கொட்டீட்டா?"

"அடுத்த வாட்டி வந்து ரெயின் கார்டன் எங்கன்னு கேப்பாங்களேங்க."

அவர் என்னை நேராகப் பார்த்தார். ஏமாற்றப்பட்ட மனிதரின் பார்வைதான். ஆனால் அதில் லேசாக ஒரு சிரிப்பும் இருந்தது. தன் ஊர் வித்தையைத் தன்னிடமே யாரோ காட்டிவிட்டால் வருகிற சிரிப்பு. டிப்பரைத் திருப்பி அனுப்பினார். அன்று மாலையே வாய்க்காலில் யாரும் குப்பை போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு வாட்ச்மேன் போடப்பட்டார்.

6. போனஸ் மழை

ஐப்பசியில் போனஸ் கொடுத்த அன்றே மழையும் வந்தது. நான் கணித்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், எங்கள் பக்கம் தீபாவளிக்கு மழை வருவது வழக்கம்தான். ஆனால் அன்று பெய்த மழை வருஷக் கணக்கைப் பங்குபோட்டுக் கைக்குட்டை நனைக்க வந்த மழை அல்ல. ஷீட் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. யார்டு முழுக்கத் தண்ணீர். மணியின் மரங்கள் எப்போதோ திரும்பிப் போயிருந்தன. பூப்பாத்திச் செம்மண் கரைந்து சிவப்பாக ஓடியது.

எனக்குக் கையில் குடை இருந்தும் விரிக்கத் தோன்றவில்லை. வாய்க்காலுக்கு ஓடினேன். தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்று, முழு வேகத்தில் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வெட்டிவேர் தலை சாய்ந்து கிடந்தது, ஆனால் வேர் பிடியை விடவில்லை. கல் ஒன்று கூடப் பெயரவில்லை. முதலாளி அந்தப் பக்கக் கரையில் நனைந்துகொண்டு நின்றார். பலகை விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் பின் கேட்டைத் தாண்டி லைன் வீடுகளுக்குப் போனேன். வாசலெல்லாம் மழை ஈரம்தான், வெள்ளம் இல்லை. கடைசி வீட்டிலிருந்து மழைச் சத்தத்தை மீறி ஓவர்லாக் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஞானசெல்வியின் புருஷன் தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் தரையில் இருந்தது, கட்டிலில் துணிக் கட்டுகள் இருந்தன. ஒரு சாக்கடை தன் வேலையைச் செய்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

இரண்டு வாரத்தில் ராகவனிடமிருந்து அடுத்த ரிப்போர்ட் வந்தது. சைட்டில் உள்ள முதிர்ந்த மரங்களின் ஈ.டி. காரணமாகவும், மண்ணின் அபாரமான இன்ஃபில்ட்ரேஷன் காரணமாகவும் கனமழையிலும் வெள்ளம் தவிர்க்கப்பட்டது, முந்தைய கணிப்பு உறுதியானது என்று அதில் இருந்தது. வாய்க்காலைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. முதலாளி சமாதானப்படுத்தினார். செய்தி எப்படியோ நர்சரி மணிக்கும் போய்விட்டது. அடுத்த விசிட்டுக்கு அவர் வாடகையை ஏற்றினார்.

"வெள்ளத்தைத் தடுத்த மரமுங்க. பழைய ரேட்டுக்குக் கட்டுமுங்களா?"

7. இளைய இன்ஜினியர்களுக்கு

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் என்ன சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்கிறார்கள். எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளுங்கள். வருஷ மழையைப் பார்க்காதீர்கள், அந்த ஊரில் ஒரு மணி நேரத்தில் பெய்யக்கூடிய மழையைப் பாருங்கள். வளையம் சுலபமாக இறங்குகிற இடத்தில் டெஸ்ட் எடுக்காதீர்கள். மழை பெய்கிறபோது மரம் குடிக்கும் என்று நம்பி வாய்க்காலைக் குறுக்காதீர்கள். மரம் உங்களுடையதுதானா என்று ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

இதோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துப் போகும். விருந்தாளி மரத்தைப் பார்த்துப் போவார். இரண்டு சரிவும் தெரிந்தவன்தான் திருப்பூரில் டிரெயினேஜ் இன்ஜினியர். இதை எனக்குள் சொல்லிப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஞானசெல்வி மறுபடி என் ரூமுக்கு வந்தாள்.

"சார், ஒரு ஒதவி. அடுத்த மட்டம் அந்த வெள்ளக்கார அம்மா வரும்போது எங்க லைன் வீட்டையும் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க."

"எதுக்கு அம்மணி?"

"ஓடு ஒடஞ்சு ஒழுகுது. அத்தன வீட்டுக்கும் சேத்து ஒரே கக்கூஸ், அதுக்கும் கதவு இல்ல. பூனைக்குப் பாலு ஊத்துதாவ, சாக்கடைக்கு வாட்ச்மேன் போட்டிருக்காவ. போட்டோவுல விழுந்தாத்தான இங்க எதையும் பாப்பாவ?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"பாக்கலாம்னு மட்டும் சொல்லிராதீங்க சார்."

அந்தத் தடவை மரம் இறங்கிய நாளில் முதலாளி கோயம்புத்தூர் போயிருந்தார். நான் மணியிடம் முன்வாசலில் பாதி மரம் போதும் என்றேன். மீதியை வாய்க்கால் கரையிலிருந்து பின் கேட் வரைக்கும், கேட்டுக்கு வெளியே லைன் வீடுகளின் கடைசி வாசல் வரைக்கும் வரிசையாக வைக்கச் சொன்னேன்.

"அங்கயெல்லாம் மேடம் வர மாட்டாங்களேங்க" என்றார் மணி.

"மரம் வைங்க, வருவாங்க" என்று சொல்லிவிட்டு, விசிட் என்றால் பூட்டி வைக்கிற பின் கேட்டின் பூட்டைத் திறந்து சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.